புரட்டாசியின் வறண்ட வாரம்: வானிலை அறிக்கையைப் படிப்பதில் நேரும் தவறுகள்

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், “தமிழ்நாடு, புதுவை மற்றும் காரைக்கால் பகுதிகளில் பெரும்பாலும் வறண்ட வானிலை நிலவக்கூடும்” என்ற வரி அடிக்கடி வரும். அதைப் படித்ததும் அடுத்த ஏழு நாளைக்கு வானத்தை மறந்துவிடுகிறோம். ஆனால் புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்றுதான் நம் ஊர்களில் சொல்லி வந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே மாதத்துக்குச் சொன்னவை. சில நேரம் ஒரே நாளில்கூட இரண்டும் நடக்கும்.

நான் பார்த்தவரை அதிக நட்டம் தருவது, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்பதை ‘மழை இல்லை’ என்று எடுத்துக்கொள்வதுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்தச் சொற்களைக் கணக்கோடுதான் எழுதுகிறது. மழைமானி நிலையங்களில் 25% வரை மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்களில்’. அதற்கு மேல் 50% வரை என்றால் ‘ஒருசில இடங்களில்’. மழை எத்தனை இடத்தில் விழும் என்பதையே இந்தச் சொற்கள் காட்டும். எவ்வளவு விழும் என்பதை அல்ல. பக்கத்து ஊரில் புழுதி பறக்க, உங்கள் ஊரில் 50 மில்லிமீட்டர் கொட்டினாலும் அந்த அறிக்கை சரியானதே.

இந்தப் பருவத்தில் அப்படித் திட்டுத்திட்டாகப் பெய்வதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே ஈரத்தை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சூடாகவும் வறண்டும் இறங்குகிறது. பகல் முழுக்க நிலம் காய்கிறது. மேற்குக் காற்றின் வேகம் தணியும் நாளில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று உள்ளே நுழையும். இரண்டும் மோதும் இடத்தில் இடிமேகம் திரளும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மாலையில் கிளம்பும் மேகம் கிழக்கே நகர்ந்து இரவில் சென்னையை நனைப்பதும் உண்டு. காலை பத்து மணி வெயிலை வைத்து அன்றைய இரவைக் கணிக்க முடியாது.

டெல்டாவில் இது வெறும் தகவல் அல்ல. குறுவை அறுவடை நடக்கும் நேரம் இது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17% என்ற வரம்பு இருப்பதால் நெல்லைக் களத்திலும் சாலையோரத்திலும் கொட்டிக் காயவைக்கிறார்கள். ‘வறண்ட வாரம்’ என்று நம்பித் தார்ப்பாயை வீட்டிலேயே விட்டுவிட்டால், அரை மணி நேர இடிமழையில் ஒரு போகத்தின் உழைப்பே நனைந்துபோகும். வார அறிக்கையை அறுவடைத் தேதி குறிக்கப் பயன்படுத்துங்கள். நெல்லை மூடுவதா வேண்டாமா என்பதற்குப் பிற்பகலில் வெளியாகும் மூன்று மணி நேர மாவட்ட முன்னறிவிப்பையும், சென்னை, காரைக்கால் ரேடார் படங்களையும் பாருங்கள். மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது. கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வயலுக்குத் திரும்ப வேண்டாம்.

அடுத்தது, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று கேட்டதுமே நமக்கு மழை என்று முடிவு கட்டுவது. நவம்பரில் அது பலமுறை பலிக்கும். செப்டம்பரில் தாழ்வுப் பகுதி பெரும்பாலும் ஒடிசா, வடக்கு ஆந்திரக் கரையை ஒட்டி உருவாகி வடமேற்கே போய்விடும். அது இழுக்கும் இழுப்பில் நம் பக்கம் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று தாமதமாகி, வெயில்தான் கூடும். தாழ்வுப் பகுதி எந்த இடத்தில் என்று பார்க்காமல் செய்தியைப் பகிர்வதால் வீண் எதிர்பார்ப்புதான் மிஞ்சுகிறது.

கைபேசிச் செயலியில் ‘30%’ என்று காட்டினால், நாளில் 30% நேரம் பெய்யும் என்றோ, தூறல்தான் என்றோ பொருள் இல்லை. இதே போன்ற கணிப்பு வந்த பத்து நாளில் மூன்று நாள் அந்த இடத்தில் மழை இருந்திருக்கும், அவ்வளவே. ஏழாம் நாளுக்கு மணிவாரியாகக் காட்டும் படத்தை நம்பித் திருமணப் பந்தலுக்குக் கூரை வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள்.

மழையளவைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அளக்கிறார்கள். செவ்வாய் மாலை பெய்தது புதன்கிழமைக் கணக்கில் வரும். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்த நாள் ‘மழை நாள்’ ஆகாது.

அக்டோபர் முதல் வாரத்தில் ‘வடகிழக்குப் பருவமழை பெரும் பற்றாக்குறை’ என்று பதறவும் வேண்டாம். பருவமழை இன்னும் தொடங்காவிட்டாலும் புள்ளிவிவரக் கணக்கு அக்டோபர் 1ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. சில நாள் சராசரி என்பது சிறிய எண். ஒரு நல்ல இடிமழை அதைத் தலைகீழாக்கிவிடும். பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. தென்மேற்குப் பருவமழை விலகி, கீழைக்காற்று நிலைத்து வீசி, கடலோரத்தில் பரவலாகப் பெய்த பிறகே தொடக்கத்தை அறிவிப்பார்கள்.

இதையே மானாவாரி விவசாயிகள் மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். ஒரு மாலை மழையில் மண் நனைந்ததும் பருவம் வந்துவிட்டது என்று விதைத்து, அடுத்து வரும் வறண்ட நாட்களில் முளைத்த பயிர் கருகுவது கொடுமை. செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை இந்த முடிவுக்கு உதவும். ‘மேக்தூத்’ செயலியில் தமிழிலேயே கிடைக்கிறது.

மீனவர்களுக்கு ஒரு வார்த்தை: நிலத்தில் வறண்ட வானிலை என்றால் கடல் அமைதி என்று அர்த்தமில்லை. மழையைத் தடுக்கும் அதே வலுத்த காற்று மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் சூறைக்காற்றாக வீசும். மீனவர் எச்சரிக்கையைத் தனியாகப் பாருங்கள்.

நகரத்தில் இருப்பவர்கள் இந்த வாரத்தைச் சும்மா விட்டுவிடுவதும் தவறுதான். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. குழாய் பல வீடுகளில் இருக்கிறது, அதில் இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. மொட்டைமாடியைக் கூட்டுவதற்கும், வடிகட்டும் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுவதற்கும், தெருவின் மழைநீர் வடிகால் அடைத்திருந்தால் உள்ளாட்சியில் புகார் எழுதுவதற்கும் காய்ந்த நாட்கள்தான் தோது. அக்டோபர் 20க்குப் பிறகு இந்த வேலைகளுக்கு ஆளும் கிடைக்காது, வெயிலும் கிடைக்காது.