ஜெர்மனியில் சட்டம்: சேரும் முன் இதைப் பாருங்கள்

ஜெர்மனியில் சட்டம் படிக்க நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை அப்புறம் பார்க்கலாம். படிப்பு எதில் முடிகிறது என்பதுதான் முதல் கேள்வி. வக்கீல், நீதிபதி, அரசு வழக்கறிஞர், நோட்டரி ஆக வழக்கமான பாதை 'ஷ்டாட்ஸ்எக்ஸாமன்' எனும் இரண்டு அரசுத் தேர்வுகள். வணிகச் சட்டத்தில் எல்எல்.பி. மட்டும் முடித்தால் கம்பெனி, வங்கி, காப்பீட்டு வேலைகளுக்குப் போகலாம். வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. இந்தியாவில் சட்டம் முடித்து, ஒரு வருட எல்எல்.எம்.முக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

முதல் தேர்வில் 70 சதவீதம் அரசுத் தேர்வு, 30 சதவீதம் பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பாடம். ஒவ்வொரு எழுத்துத் தேர்வும் 5 மணி நேரம். ஒரு வழக்கைக் கொடுத்து, யாருக்கு என்ன உரிமை என்று படிப்படியாக அலசச் சொல்வார்கள். சட்டப் புத்தகம் கையிலேயே இருக்கும், ஆனால் புரட்டித் தேட நேரம் இருக்காது. அப்புறம் 2 வருடப் பயிற்சி, மாத உதவித்தொகையோடு. அதன் முடிவில் இரண்டாம் தேர்வு.

மதிப்பெண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். மொத்தம் 18 புள்ளிகள், 4 எடுத்தால் பாஸ். பல மாநிலங்களில் 9 எடுத்தாலே நல்ல ரேங்க். பெரிய வக்கீல் நிறுவனங்கள் தேடுவது அப்படி எடுத்தவர்களைத்தான். பல மாநிலங்களில் முதல் தேர்வை வழக்கமான காலத்துக்கு முன்பே எழுதித் தோற்றால், அந்த முயற்சி கணக்கில் வராது. உங்கள் மாநில விதியை இரண்டாம் செமஸ்டரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி கனவு இருந்தால் ஜெர்மன் குடியுரிமையும் கட்டாயம்.