போர்ச்சுகல் ஒயின்: லேபிளைப் பார்த்து நாம் சறுக்கும் இடங்கள்

போர்ச்சுகல் ஒயின் வாங்குகிறவர்களின் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. பெயரையும் வருடத்தையும் படிக்கிறோம். உள்ளே இருப்பது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. வாங்குவது, வைப்பது, குடிப்பது எல்லாமே அந்தச் செய்முறையைப் பொறுத்தவை.

'வின்யோ வெர்டே'யை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பச்சை ஒயின்'. நிறத்தைச் சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைப்பிள்ளை என்கிறோமே, அந்தப் பச்சை, அதாவது இளசு. மழை கொட்டும் வடமேற்கு மின்யோ பகுதியில் விளையும் இதில் வெள்ளை, சிவப்பு, ரோஸ் மூன்றும் உண்டு. நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று அலமாரியில் பூட்டி வைப்பதுதான் இதற்குச் செய்யும் கெடுதல். ஓரிரு வருடத்துக்குள், நன்றாகக் குளிரவைத்துக் குடித்துவிட வேண்டும். மொன்சாவ், மெல்காசு ஊர்ப்பக்கத்து அல்வரின்யோ திராட்சையில் செய்தது மட்டும் சில வருடம் தாங்கும்.

போர்ட் ஒயினில்தான் ஏமாற்றம் அதிகம். இது டோரோ பள்ளத்தாக்கின் ஒயின். 1756-லேயே அரசு எல்லை வகுத்த பகுதி அது. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, இனிப்பு மிச்சமிருக்கையில், 77 சதவீதம் ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இனிப்பு தங்குகிறது; ஆல்கஹால் சுமார் 20 சதவீதத்துக்கு ஏறுகிறது. சாதாரண ஒயின்போல் கோப்பை நிறைய ஊற்றக் கூடாது.

இரண்டு புட்டிகளில் ஒரே வருடம் அச்சிட்டிருக்கும். ஒன்றில் 'விண்டேஜ்', மற்றதில் 'கொல்யெய்டா'. விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு பிறவி. விண்டேஜ், அறுவடைக்குப் பின் 2 அல்லது 3 வருடத்தில் வடிகட்டாமல் புட்டிக்குள் போய், அங்கேயே பல பத்தாண்டுகள் முதிர்வது. கொல்யெய்டா குறைந்தது 7 வருடம் மரப் பீப்பாயில் கிடந்து, பழுப்பேறி, குடிக்கத் தயாராகவே வெளியே வருவது. (பீப்பாய் என்ற சொல்லே போர்ச்சுக்கீசியரின் 'பிப்பா'விலிருந்து நமக்கு வந்ததுதான்.)

விண்டேஜ் புட்டியைத் திறந்து நேராக ஊற்றினால் கோப்பையில் சேறுபோல் கசடு இறங்கும். ஒயின் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, கை நடுங்காமல் மெல்ல வேறு பாத்திரத்துக்கு வடியுங்கள். தெளிந்த சிவப்பில் ஒரு கரிய இழை கழுத்துக்கு வந்து சேரும். அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். இப்படித் திறந்த விண்டேஜை ஓரிரு நாளில் முடிக்க வேண்டும். மரப் பீப்பாயில் முதிர்ந்து பழுப்பேறும் டானி வகை போர்ட் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும். டானி லேபிளில் '20 வருடம்' என்றிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சரியாக 20 வயது என்று பொருளல்ல. பல வருடத்து ஒயின்களைக் கலந்து அந்த முதிர்ச்சியின் சுவைக்குக் கொண்டுவந்தது.

போர்ட்டுக்கான திராட்சையைக் காலால் மிதிப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தோளோடு தோள் கைகோத்து, கல் தொட்டிக்குள் தொடையளவு திராட்சையில் வரிசையாக நடப்பது வெறும் திருவிழாக் காட்சி இல்லை. பாதம் தோலைக் கசக்கும், விதையை நொறுக்காது. நொறுங்கினால் கசப்பு ஏறிவிடும். சிறந்த போர்ட் சிலவற்றுக்கு இன்றும் மிதிப்பதுதான் முறை.

மதெய்ரா தீவு ஒயின் நேர்மாறான பிடிவாதம் கொண்டது. மற்ற ஒயின்களைக் கொல்லும் சூட்டில்தான் இது உருவாகிறது. கப்பலின் அடித்தளத்தில் வெப்பக் கடல்களைக் கடந்தபோது சுவை கூடியதைக் கண்டவர்கள், பிறகு கரையிலேயே சூடுபடுத்தத் தொடங்கினார்கள். திறந்த புட்டி மாதக்கணக்கில் கெடாது. ஒரே இரவில் தீர்த்துவிட அவசரப்பட வேண்டாம். புட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள்.

போர்ச்சுகலின் தெற்கே அலென்டெஜோ பகுதியில் 'தால்யா' என்ற பெரிய மண்சாடிகளில் ஒயின் செய்கிறார்கள். ரோமானியர் காலத்து வழக்கம். சாறு, தோல், விதை எல்லாம் உள்ளேயே கிடக்கும். மேலே மிதந்து கட்டியாகும் தோலைத் தினமும் கழியால் அழுத்திவிடாவிட்டால் சாடி வெடிக்கவும் கூடும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் சாடியின் அடிப்பக்கத் துளையைத் திறப்பார்கள். அடியில் படிந்த தோல்களே வடிகட்டியாகி, ஒயின் சொட்டுச் சொட்டாக இறங்கும். வெள்ளைத் திராட்சையில் செய்ததும் தேன் நிறத்தில், சற்றே கலங்கலாக வரும். பழுதென்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.