புதிய பயாப்சி ஊசியை வாங்கும் முன்

அல்ட்ராசவுண்ட் உதவியுடன் மார்பகக் கட்டியில் பயாப்சி, அதாவது சோதனைக்குத் திசுத் துண்டு, எடுப்பது என் அன்றாட வேலை. புதிய பயாப்சி கன்னுடன் (விசையை அழுத்தினால் ஊசியைப் பாய்ச்சித் திசு எடுக்கும் கருவி) விற்பனைப் பிரதிநிதி வந்தால், முதலில் ஊசி முனையின் அளவைத்தான் கேட்பேன். விசையை அழுத்தியதும் பல கன்களில் ஊசி 22 மி.மீ. வரை முன்னே பாயும். திசுவைப் பிடிக்கும் பள்ளம் அதைவிடக் குட்டை. பள்ளத்துக்கு அப்பால் எதையும் பிடிக்காத கூர்முனை சில மில்லிமீட்டர் நீண்டிருக்கும். கட்டி நெஞ்சுச் சுவரை ஒட்டியிருந்தால், நுரையீரலில் குத்திவிடும் ஆபத்து அந்த முனையில்தான் இருக்கிறது. முனை குட்டையான ஊசிக்கே என் ஓட்டு.

அடுத்து, கன்னைச் சோதித்துப் பார்க்கக் கறிக்கடையில் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி வாங்கி, கீறி, உள்ளே கட்டிக்குப் பதிலாக வேகவைத்த பட்டாணியைச் செருகுங்கள். சாய்வாகச் செலுத்தினாலும் ஊசி முனை திரையில் பளிச்சென்று தெரிகிறதா? அல்ட்ராசவுண்ட் புரோபைப் (உடலில் வைத்துப் பார்க்கும் கருவி) பிடித்த கையை எடுக்காமலே கன்னை இயக்க முடிகிறதா? பயிற்சி மருத்துவரிடமும் கொடுத்துப் பாருங்கள். பழகிய கைக்கு எந்த ஊசியும் அடங்கும். விசைச் சத்தத்தையும் கவனியுங்கள். படுத்திருக்கும் பெண் திடுக்கிட்டால் குறி தவறும். எடுக்கும் முன் அந்தச் சத்தத்தை அவருக்கு ஒருமுறை கேட்கச் செய்வது எப்போதும் நல்லது.

நோயாளிகளிடம் பயன்படுத்துவது உரிய அனுமதி பெற்ற கருவியை மட்டுமே, அதுவும் அவர்கள் சம்மதத்துடன். கன்களை ஒப்பிடும்போது கேஜ், அதாவது ஊசியின் பருமன் அளவு, ஒன்றாக இருக்கட்டும். 14 கேஜை 18 கேஜுடன் ஒப்பிடுவதில் பொருளில்லை, எண் கூடினால் ஊசி மெலியும். ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்ட துண்டு முழுசாக, புழுப்போல நீளமாகக் கிடக்க வேண்டும். பொடிப்பொடியாக மிதந்தால் பெரும்பாலும் கொழுப்புதான் வந்திருக்கிறது. எந்தக் கன் என்று சொல்லாமல் நோயியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். திசு நசுங்கியிருக்கிறதா, புற்றுநோய்க்கு எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 சோதனைகளுக்குப் போதுமா என்று அவர் சொல்வதே தீர்ப்பு.

திசுவை வெற்றிடத்தால் இழுத்து வெட்டியெடுக்கும் வெற்றிட உறிஞ்சு கருவிக்குக் கணக்கு வேறு. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் தெரியும் சுண்ணாம்புத் துகள்களுக்கு அது அருமையான கருவி; எடுத்த துண்டை எக்ஸ்ரே எடுத்து, துகள் வந்துவிட்டதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். ஆனால் அல்ட்ராசவுண்டில் நன்றாகத் தெரியும் கெட்டிக் கட்டிக்குப் பெரும்பாலும் 14 கேஜ் கன்னே போதும். அங்கே நோயாளியின் தலையில் கூடுதல் செலவைக் கட்டாதீர்கள். விலை கேட்கும்போது ஒவ்வொரு ஊசியின் விலையையும் எழுதி வாங்குங்கள். ஒருமுறைக்கு மட்டுமான ஊசியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

படம் புற்றுநோய் என்கிறது, பயாப்சி ஒன்றுமில்லை என்கிறது என்றால், அந்த நோயாளிக்கு மறுபடியும் திசு எடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட முடிவுகளைக் கருவிவாரியாக ஒரு பதிவேட்டில் குறித்து வையுங்கள்.