காட்டுச் சூரியகாந்தி: விதை எடுப்பதிலேயே தொடங்கும் தவறுகள்

ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்ததையெல்லாம் காட்டுச் சூரியகாந்தி என்று விதை பறித்து வருவதுதான் முதல் தவறு. அசல் செடியின் தாயகம் வட அமெரிக்கா. நாம் வயலில் போடும் எண்ணெய்ச் சூரியகாந்திக்கு அதுதான் மூதாதை. அதன் பெயரில் கைமாறுவது பெரும்பாலும் மெக்சிகோ சூரியகாந்தி. பூவுக்குக் கீழே காம்பைப் பிடித்துப் பாருங்கள். மெக்சிகோ வகையில் அது மேலே போகப்போகப் பருத்து, உள்ளே கூடாக இருக்கும், அமுக்கினால் நசுங்கும். அதன் இலைகள் பலவும் மூன்று, ஐந்து விரலாகப் பிளந்திருக்கும். அசலின் இலை பிளவில்லாதது, அகன்றது, தேய்த்தால் சொரசொரக்கும். பூவின் நடுவட்டும் பொதுவாகக் கருஞ்சிவப்பு.

களத்தில் சிந்திய வயல் விதை தானாக முளைத்ததையும் இதோடு குழப்புவதுண்டு. அது பெரும்பாலும் ஒற்றைத் தண்டில் ஒரு பெரிய பூ. காட்டுச்செடி கிளைகிளையாகப் பிரிந்து நிறையச் சின்னப் பூ விடும். விதையின் நீளம் அரை சென்டிமீட்டர் அளவுதான்.

பறித்த கையோடு விதைத்துவிட்டு, பத்து நாளில் முளைக்கவில்லையே என்று பாத்தியைக் கொத்திவிடுகிறார்கள். விதை சாகவில்லை, உறக்கத்தில் இருக்கிறது. ஈரமணலில் கலந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 வாரம் வையுங்கள் (ஃப்ரீசரில் அல்ல). அவசரமென்றால் நகவெட்டியால் மழுங்கிய முனையின் தோலைத் துளி நறுக்கலாம். கூர்முனையில் கைவைத்தால் போச்சு, வேர் வருவது அங்கேதான்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைத்தால் தண்ணீர் நின்று வேர் அழுகும். மழை ஓய்ந்தபின், மார்கழிக் கடைசியில் பார் (உயர்த்திய மண் வரிசை) போட்டு 2 செ.மீ. ஆழத்தில், 3 அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். திசையன்விளைத் தேரியில் (செம்மணல் காட்டில்) தண்ணீர் நிற்காது. ஆனால் முளைக்கும்வரை மேல்மண் காயவிடக் கூடாது. ஆணிவேர்ச் செடி, நாற்றாகப் பிடுங்கி நட்டால் துவளும். யூரியா வேண்டவே வேண்டாம்: தழை கொழுத்து, ஆடிக் காற்று வரும்முன்பே சாய்ந்துவிடும்.

வீட்டு வாசலில் ஒரே ஒரு செடி வளர்த்தால் விதை முக்கால்வாசி பொக்குதான். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. ஐந்தாறு செடியாவது வேண்டும், தேனீயும் வேண்டும். பக்கத்து வயலில் எண்ணெய்ச் சூரியகாந்தி நின்றால் இரண்டும் கலந்துவிடும், அந்த விதையை அடுத்த போகத்துக்கு எடுக்காதீர்கள்.

பூ முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தால் விதை உதிர்ந்துவிடும். மிச்சத்தைக் கிளி பார்த்துக்கொள்ளும். பூவின் முதுகு மஞ்சளானதுமே வலைத்துணிப் பை கட்டிவிடுங்கள்.