மச்சானோடு மோதும் வாரம்: பத்தில் ஆறு போதும்

பேண்டசி பேஸ்பால் என்றால், நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் சேர்க்கும் புள்ளிவிவரங்களைப் பத்துப் பிரிவுகளில் ஒப்பிட்டு மோதுவது. அதில் வேண்டப்பட்ட எதிரியோடு மோதும் வாரம் வந்தால் பத்துக்குப் பத்து அள்ளிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த ஆசையை மூட்டை கட்டி வையுங்கள். ஆறைப் பிடித்தால் வாரம் உங்களுடையது. எந்த நாலை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

எங்கள் குடும்ப லீக்கில் டாலஸில் இருக்கும் என் அணி 'தெக்கத்தி ரேஞ்சர்ஸ்'. சியாட்டிலில் இருக்கும் என் மச்சானுடையது 'மைலாப்பூர் மேரினர்ஸ்'. திங்கள் தொடங்கி ஞாயிறு வரை ஒரு மோதல். பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), ஸ்டீல் (பேட்டரின் அடிக்குக் காத்திராமல் ஓடி அடுத்த பேஸைத் திருடுவது), சராசரி. பிட்சிங்கில் (பந்து வீச்சில்) வெற்றி, சேவ் (சிறு முன்னிலையைக் கடைசிவரை காப்பது), ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது), இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் ஏறும் சராசரி ரன்), விப் (ஒரு இன்னிங்ஸுக்கு அவர் விட்ட வாக், ஹிட் சராசரி). கடைசி இரண்டில் குறைவாக வைத்திருப்பவருக்கே புள்ளி.

ஜூன் கடைசி என்றால் நிஜ மேஜர் லீக் சீசனின் 162 ஆட்டங்களில் பாதி முடிந்திருக்கும். எதிராளியின் குணம் புள்ளிவிவரத்தில் அப்பட்டமாகத் தெரியும். அவரிடம் இருக்கும் பெரிய பெயர்களைப் பார்த்து மிரளாமல், இதுவரை எந்தப் பிரிவில் எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்று பாருங்கள். என் மச்சானுக்குப் பந்தை வெளியே தூக்குகிறவர்களைத்தான் பிடிக்கும். அவன் அணியில் ஓடுகிறவர் யாருமில்லை. எனவே ஹோம் ரனை அவனுக்கே விட்டுவிடுவேன், ஸ்டீலை நான் எடுத்துக்கொள்வேன். 2023இல் மேஜர் லீக்கில் பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கி, பிட்சர் ரன்னரை மிரட்ட எடுக்கும் முயற்சிகளுக்கும் வரம்பு கட்டினார்கள். முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த ஸ்டீல் 3,503க்குப் போய்விட்டது. எல்லோரும் ஓடுவதால் ஒரே ஓட்டக்காரரை நம்பிப் பயனில்லை, மூன்று பேராவது வேண்டும்.

சேவும் அப்படித்தான். அவனிடம் மூன்று க்ளோசர்கள் (ஆட்டத்தின் கடைசியில் வந்து வீசி சேவ் எடுப்பவர்கள்), உங்களிடம் ஒருவர் என்றால் போட்டியே போடாதீர்கள். அந்த இடத்திலும் ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டரைப் போட்டால் வெற்றியும் ஸ்ட்ரைக் அவுட்டும் உங்கள் பக்கம் சாயும்.

வாரத்தில் இரண்டு முறை வீசப்போகும் பிட்சர்களை வெள்ளிக்கிழமையே தேடத் தொடங்குங்கள். ஐந்து பேர் முறை வைத்து வீசும் அணியில் திங்களோ செவ்வாயோ வீசுகிறவருக்கு ஞாயிற்றுக்குள் இன்னொரு முறை வாய்க்கும். எந்த மைதானம் என்பதும் முக்கியம். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து பறக்கும், பிட்சரின் வளைவுப் பந்தோ வளையாது. அங்கே வீசுகிறவரை, எவ்வளவு பெரிய ஆளானாலும், நான் பெஞ்சில் (கணக்கில் சேராத இடத்தில்) உட்கார வைத்துவிடுவேன். சுமாரான பேட்டர் அங்கே ஆடினால் தைரியமாக இறக்குவேன். சியாட்டில் மைதானம் நேர் எதிர், அங்கே பேட்டருக்குத்தான் கஷ்டம். மச்சான் உள்ளூர்க்காரன், அங்கே வீசப்போகும் எந்த அனாமத்துப் பிட்சரையும் வளைத்துப் போடுவான். அவனுக்கு முன்னால் நானே எடுத்து பெஞ்சில் போட்டுவிடுவேன். வைக்கோல் போர் நாய் என்று திட்டட்டும். விதியில் தடை இல்லை.

தினமும் லைன்அப்பைப் பார்த்தே ஆக வேண்டும். இரவு ஆட்டம் முடிந்த மறுநாள் பகலாட்டம் என்றால் கேட்சருக்குப் பெரும்பாலும் ஓய்வு. எதிரணியில் இடக்கைப் பிட்சர் வந்தால் சில இடக்கை பேட்டர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மேற்குக் கரை ஆட்டம் அவனுக்கு ஏழு மணி, எனக்கு ஒன்பது. தூங்கப் போகுமுன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டரை எடுங்கள். 45 இன்னிங்ஸில் 17 ரன் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள்: 17ஐ ஒன்பதால் பெருக்கி 45ஆல் வகுத்தால் இ.ஆர்.ஏ. 3.40. அவனுடையது 3.60, அவன் பிட்சர்கள் எல்லோரும் வீசி முடித்தாகிவிட்டது. உங்களுக்கு ஒருவர் பாக்கி. அவர் ஐந்து இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்தால் 3.42, தப்பித்தீர்கள். மூன்று என்றால் மிகச் சரியாக 3.60, சமன். நாலு என்றால் அந்தப் பிரிவு போச்சு. ஸ்ட்ரைக் அவுட்டில் ஏற்கெனவே இருபது முன்னால் இருந்தால் அவரை இறக்க அவசியமே இல்லை. நாலு பின்தங்கியிருந்தால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் லீக்கில் குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதி உண்டா என்று பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். அதை எட்டாவிட்டால் இ.ஆர்.ஏ., விப் இரண்டுமே கைவிட்டுப் போகலாம்.

ஜூலை நடுவில் ஆல் ஸ்டார் இடைவேளை வரும், அப்போது சில நாள் வழக்கமான ஆட்டங்கள் இருக்காது. பல லீக்குகளில் அந்த வாரத்தைப் பக்கத்து வாரத்தோடு சேர்த்து ஒரே நீண்ட மோதலாக்கிவிடுவார்கள், அப்போது பிட்சர் கணக்கு மொத்தமும் மாறும். வாரத்தின் நடுவில், "என்ன மாப்ள, உங்க ஓட்டக்காரங்களுக்கெல்லாம் கால்வலியா? ஒருத்தரை எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்று ட்ரேட் (ஆள் மாற்றிக்கொள்வது) கேட்டு மச்சானிடமிருந்து மெசேஜ் வரும். திங்கட்கிழமை வரை பதில் போடாதீர்கள்.