அலமாரியில் கிடந்த பைனாகுலர்: கழற்றலாமா, மாற்றலாமா?

சிங்கப்பூரில் பைனாகுலரைக் கெடுப்பது வயதைவிட ஈரம்தான். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். நண்பகலிலும் பெரும்பாலும் 60-க்குக் கீழே இறங்காது. பூஞ்சைக்கு அது போதும். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தவைதான் முதலில் போகும். ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதே அந்த உறைதான்.

முதலில் கோளாறு எது என்று பாருங்கள். முன்பக்கப் பெரிய கண்ணாடி வழியே கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட இழைகள் தெரிந்தால் பூஞ்சை. மூச்சு பட்ட கண்ணாடிபோல் சீரான மங்கல் என்றால் பழைய கிரீஸின் ஆவி படிந்திருக்கிறது. ஓரத்தில் வானவில் வளையம் தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போய்விட்டது. முதல் இரண்டையும் துடைத்து எடுக்கலாம். மூன்றாவதற்குச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்து, இரு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது. சில நூறு மீட்டர் தள்ளியுள்ள வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் மொட்டைமாடி விளிம்பைக் குறிவையுங்கள். பைனாகுலரைச் சாய்க்காமல், மெல்ல ஒரு சாண் தூரம் கண்ணிலிருந்து விலக்குங்கள். இரண்டு வட்டங்களிலும் அந்த விளிம்பு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். பக்கவாட்டுப் பிசகைக் கண் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மேல்-கீழ் பிசகைச் சமாளிக்காது, தலைவலிதான் மிஞ்சும்.

இனி, கழற்றலாமா என்ற கேள்வி. கண் வைக்கும் குழலும் முன் கண்ணாடியும் ஒரே கோட்டில் இல்லாமல் தோள் அகன்று நின்றால் அது போரோ வகை. பொறுமை இருந்தால் வீட்டிலேயே திறக்கலாம். நேர்க்குழலாக இருந்தால் ரூஃப் வகை. அதைத் தொடாதீர்கள். உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டிகளான பட்டகங்களின் சீரமைப்பு மிக நுட்பமானது. நைட்ரஜன் நிரப்பிய மாடலைத் திறந்தால் வாயுவும் போகும், நீர் புகாத அடைப்பும் போகும். அப்படிப்பட்டதில் உள்ளே பனி படிந்தால் ஓ-ரிங் (அடைப்பு ரப்பர் வளையம்) போய்விட்டது என்று பொருள். தயாரிப்பாளரின் சேவை நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

போரோவுக்குத் தேவையானவை: ஜப்பானிய அளவு ஸ்க்ரூ டிரைவர் (சாதாரண பிலிப்ஸ் நுனி ஜப்பானியத் திருகின் தலையைத் தேய்த்துவிடும்), லென்ஸ் ஸ்பேனர் (கண்ணாடி வளையத்தைத் திருகும் கருவி), ரப்பர் ஊதி, லென்ஸ் காகிதம், 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பென்சில். ஏர்கான் ஒரு மணி நேரமாவது ஓடிய அறையில் வேலையைத் தொடங்குங்கள். ஈரக்காற்றில் மூடினால் அந்த ஈரமும் உள்ளேயே அடைபடும்.

முன் குழல் தனியாகக் கழலுமானால், உடலோடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு, ஜாடி மூடி திறக்கும் ரப்பரால் பிடித்துத் திருகுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையங்களைத் தனியாகத் திருப்பாதீர்கள். பல மாடல்களில் அவை மையம் விலகிய வளையங்கள். ஒரு இழை நகர்ந்தாலும் இரு குழல்களின் சீர் கலையும். பெரும்பாலும் பூஞ்சை முன் கண்ணாடியின் உட்பக்கத்திலும் முதல் பட்டகத்தின் முகத்திலும்தான் இருக்கும். அவை சுத்தமானால் மேலே தோண்ட வேண்டியதில்லை.

பட்டகத்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்த முகம் எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு ஒரு குழலை மட்டும் பிரியுங்கள். மற்றது மாதிரிக்கு இருக்கட்டும். கண்பக்கக் குழலின் மரையில் பல தொடக்கங்கள் உண்டு. கழன்று வரும் இடத்தைக் குறிக்காமல் எடுத்தால், திரும்பப் போடும்போது தப்பான தொடக்கத்தில் ஏறி, தூரக்காட்சிக்கு ஃபோகஸ் கிடைக்காமல் போகும். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

துடைக்கும் முன் தூசியை ஊதுங்கள். 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு அமோனியாவும் சம அளவில், சில சொட்டு மட்டும், அப்போதே கலந்துகொள்ளுங்கள். மூடிய புட்டியில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். துடைக்கும் நேரத்துக்கு மட்டும் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை நனைத்து, நடுவிலிருந்து சுழித்துக்கொண்டே ஓரத்துக்கு வாருங்கள். கண்ணாடிமேல் நேரே ஊற்றினால் ஓரம் வழியே ஒட்டுப்பசைக்குள் இறங்கும். கடைசியாக ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அதற்குப் பிறகும் வலைத்தடம் தெரிந்தால், பூஞ்சையின் அமிலம் கண்ணாடிமேல் உள்ள ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைத் தின்றுவிட்டது. சிறு தடம் பார்வையைக் கெடுக்காது, எதிர்வெயிலில் மட்டும் வெளுத்துக் காட்டும்.

மாற்றுவதா என்பதற்குக் கணக்கு உண்டு. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளியை இழக்கும். 10 பரப்புகள் இருந்தால் கண்ணுக்கு வருவது மூன்றில் இரண்டு பங்குதான். பல அடுக்குப் பூச்சில் 95 விழுக்காடு வரை வரும். ரூஃப் வகையில், ஸைஸ் 1988-இல் கொண்டுவந்த ஃபேஸ் பூச்சு (பட்டகத்தின்மேல் இட்டுப் படத்தைக் கூர்மையாக்குவது) இல்லாத பழையதைப் பழுது பார்ப்பது வீண். புக்கிட் தீமா காட்டு மரநிழலுக்கும் சுங்கை புலோ சதுப்பு நிலத்தின் காலை ஒளிக்கும் 8×42 (8 மடங்கு பெரிதாக்கம், 42 மில்லிமீட்டர் முன் கண்ணாடி) போதும்: 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5.25 மில்லிமீட்டர். 10×42-இல் அது 4.2, கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும்.

பழசோ புதுசோ, டிரை கேபினட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஓர் ஈரப்பதமானி. தோல் உறை மட்டும் வெளியிலேயே கிடக்கட்டும்.