திருகோணமலையில் கட்டுப்படியாகும் வாடகை வீடு தேடுவது எப்படி

வெளிநாட்டிலிருந்து ஓராண்டோ ஈராண்டோ தங்கும் எண்ணத்துடன் திருகோணமலைக்கு வருபவர்களில் பலர் முதலில் கேட்பது கடலோரத்தில் ஒரு வீடு. நானும் அப்படித்தான் கேட்டேன். உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டை ஜனவரி மாதத்தில் மிகவும் குறைந்த வாடகைக்கு எடுத்தேன். மே மாதம் பிறந்ததும் உல்லாசப் பயணிகளின் பருவம் தொடங்கிவிட்டதென்று சொல்லி, வாடகையைக் கூட்டித் தரும்படி வீட்டுக்காரர் கேட்டார். எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னிடம் பதில் இருக்கவில்லை. மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி ஆகிய இடங்களில் வீடு என்பது விருந்தினர் விடுதிக்குச் சமம் என்பதை மனத்தில் வைத்தே அங்கு பேசத் தொடங்க வேண்டும்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் வாடகையின் போக்கும் புரிந்துவிடும். பழைய நகரம் ஒரு புறம் திறந்த கடலும் மறுபுறம் உட்துறைமுகமும் நெருக்க, இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கிறது. சந்தை, பேருந்து நிலையம், பொது வைத்தியசாலை, பெயர்பெற்ற பாடசாலைகள் எல்லாம் இங்கேயே இருப்பதால், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க விரும்புபவர்கள் இப்பகுதியை விட்டு விலக விரும்புவதில்லை. காணி குறைவு, கேட்பவர் அதிகம் என்பதால் வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டித் தனியாக வாடகைக்கு விடப்படும் சிறிய அனெக்ஸ் ஒன்றுக்கும் நல்ல விலை சொல்வார்கள். உவர்மலை உயரமானது, அமைதியானது, மழை வெள்ளம் தேங்காதது. அந்த வசதிகளுக்கான விலையும் வாடகையில் சேர்ந்திருக்கும்.

செலவைக் குறைக்க நினைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது நகரத்திலிருந்து உள்நோக்கிச் செல்லும் பகுதிகளையே. கண்டி வீதியை ஒட்டிய பாலையூற்று, அநுராதபுரச் சந்தியைத் தாண்டி வரும் அன்புவழிபுரம், செல்வநாயகபுரம், கன்னியாவை நோக்கிய குடியிருப்புகள் ஆகியவற்றில் குடும்பங்கள் நிரந்தரமாக வாழ்கின்றன. எனவே பருவத்துக்குப் பருவம் வாடகை ஏறி இறங்குவது குறைவு. முற்றமும் மாமரமும் உள்ள முழு வீடு, நகரத்தில் இரண்டு அறைக்குக் கொடுக்கும் பணத்துக்குள் இங்கு அமையக்கூடும். சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் மாவு ஆலையும் இருப்பதால் வேலைக்கு வந்து தங்குபவர்களுக்கென விடப்படும் வீடுகள் உண்டு. ஆனால் நாளாந்தம் நகரத்துக்கு வர வேண்டியவர் போக்குவரத்துச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 இலும் மூதூர் வழியிலுள்ள மற்றப் பாலங்கள் அதன் பின்னரும் திறக்கப்பட்டதால், கிண்ணியாவும் மூதூரும் படகுப் பாதையை நம்பியிருக்கும் நிலை மாறியது. அங்கே தொழிலோ உறவோ உள்ளவருக்கு அது நல்ல தெரிவு. நகரத்தில் அன்றாட வேலை உள்ளவருக்குத் தூரம்.

இடத்தை முடிவு செய்த பிறகு தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள். நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் கந்தளாய்க் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியாக வருகிறது. வீட்டுக்குச் சொந்தமான இணைப்பு உண்டா, நாளின் எந்த நேரத்தில் அழுத்தம் குறைகிறது, தாங்கி எத்தனை லீற்றர் கொள்ளும் என்பவற்றை வீட்டுக்காரரிடம் மட்டுமன்றிப் பக்கத்து வீட்டாரிடமும் கேட்க வேண்டும். கிணறு மட்டுமே இருந்தால் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பாருங்கள். கடலோரக் கிணறுகள் பல கோடையில் உவர்த்துப்போகின்றன. நான் வீடு பார்க்கும்போது முதலில் குளியலறைக் குழாயின் கழுத்தைத்தான் பார்ப்பேன். அங்கே வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் படிந்திருந்தால், அந்தத் தண்ணீரில் சோறும் தேநீரும் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டாவது, மாரி மழை. ஒக்டோபர் முடிவிலிருந்து ஜனவரி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையில் தாழ்ந்த ஒழுங்கைகள் குளமாகிவிடும். கோடையில் வீடு பார்க்க நேர்ந்தால் மதிலின் அடிப்பகுதியில் பழுப்பு நிற நீர்க்கோடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பாலையூற்றுப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அயல் வீட்டு அம்மா படலையில் நின்று, “தம்பி, மார்கழியில ஒருக்கா வந்து பாத்திட்டு முற்பணத்தைக் குடுங்கோ” என்றார். மார்கழியில் போய்ப் பார்த்தேன். கிணற்றுக் கட்டின் விளிம்பு வரை வெள்ளம் நின்றது. தரகர் சொல்லாததை அயலவர் சொல்லிவிடுவார்கள். ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்கும் இருமுறை, ஒருமுறை தரகரின்றித் தனியாக, போய்வருவது நல்லது. கடலுக்கு மிக அருகிலுள்ள காணியென்றால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேளுங்கள். அந்த நாளைக் கண்டவர்கள் அந்தத் தெருவிலேயே இருப்பார்கள்.

காற்றையும் கவனிக்க வேண்டும். கோடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அனலாக இருக்கும். மேற்குச் சுவரில் நிழல் இல்லாத, தகரமோ அஸ்பெஸ்டஸோ வேய்ந்த வீட்டில் பிற்பகலில் இருக்க முடியாது. வாடகையில் மிச்சம் பிடித்த பணம் குளிரூட்டிக்குப் போய்விடும். வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் அலகு கூடக் கூட விலையும் கூடும் முறையில் கணக்கிடப்படுவதால், அனெக்ஸுக்கும் வீட்டுக்காரரின் வீட்டுக்கும் ஒரே மானி இருந்தால் இருவரது பாவனையும் சேர்ந்து உயர்ந்த விலைப் படிக்கு ஏறிவிடும். தனி மானி உள்ள வீட்டையே தெரிவு செய்யுங்கள். இல்லையென்றால் துணை மானி பொருத்தித் தரக் கேளுங்கள்.

பேரம் பேசும்போது வாடகையை ரூபாயிலேயே பேச வேண்டும். டொலரிலோ பவுணிலோ மனக்கணக்குப் போட்டுத் தலையாட்டினால், அந்தத் தெருவில் அடுத்து வீடு தேடும் உள்ளூர்க் குடும்பத்துக்கும் அந்த விலையே சொல்லப்படும். இதை நான் மிகவும் வருத்தத்தோடு சொல்கிறேன். ஊருக்குத் திரும்பி வருபவர்கள் ஊரவரை வாடகையால் விரட்டுபவர்களாக ஆகிவிடக் கூடாது. உறவினரையோ நண்பரையோ முதலில் விலை விசாரிக்கச் சொல்லி, அவர்களுக்குச் சொல்லப்பட்ட தொகையையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, குடியிருக்க வீட்டை மாத வாடகைக்கு எடுப்பதைத் தடுப்பதில்லை.

ஒப்பந்தத்தைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு தமிழில் எழுதச் செய்து, பன்னிரண்டு மாதமும் ஒரே வாடகை என்பதையும், முற்பணம் எத்தனை மாதத்துக்கானது, அது மாதாமாதம் கழியுமா அல்லது வீடு விடும்போது திரும்புமா என்பதையும், எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்பதையும் தெளிவாகச் சேர்க்க வேண்டும். உரிமை யாருடையது என்பதைக் காணி உறுதிப் பத்திரத்திலோ வரிச் சிட்டையிலோ பார்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டிலிருக்க, உறவினர் வாடகைக்கு விடும் வீடுகள் இங்கு ஏராளம் என்பதால், கையொப்பமிடுபவரிடம் அதற்கான அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். திறப்பை வாங்கும் அன்று மின்மானி, நீர்மானி இரண்டின் வாசிப்பையும் இருவரும் பார்த்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.